மோடம் பதில் தரவில்லை

மோடம் பதில் தரவில்லை என்று கறுப்புத் திரை மூன்றாவது முறையாகச் சொன்னபோது செண்பகவல்லிக்கு முதலில் வந்தது எரிச்சல் அல்ல, நிம்மதிதான். அது பதில் தராதவரை அவள் உலகம்மாளுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. இந்த நினைப்பு வந்த மறுநொடியே, சீ, என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள், கிட்டத்தில் போனால் திரைக்குக் காது கேட்டுவிடும் என்பதுபோல. மணி இரண்டே கால். கோவில்பட்டியில் காலையிலிருந்து தூறல் விடவில்லை. வீட்டுக்குள் கட்டிய கொடியில் அப்பாவின் வேட்டி காயாமல் தொங்கி, அதன் ஈரவாடை மேசைவரை வந்தது. மேசைமேல் சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக மோடம். முகப்பில் எட்டு சின்ன விளக்குகள் இருக்க, எரிந்தவை இரண்டுதான். பக்கத்தில் வயர் பிடுங்கிய டெலிபோன். அந்த வயர்தான் இப்போது மோடத்தின் முதுகில் இருந்தது. வீட்டுக்கு இருப்பது ஒரே வயர். டெலிபோனில் செருகினால் பேசலாம், மோடத்தில் செருகினால் இன்டர்நெட் வழியாக எழுதலாம், இரண்டும் ஒரே நேரத்தில் ஆகாது. இதுகூட நல்லதுதான் என்று காலையில் நினைத்தாள். வயர் இங்கே இருக்கும்வரை, போன் போட முடியவில்லை என்று சொல்வது பொய்யாகாது. இப்படியெல்லாம் கணக்குப் போடுகிற மனசுக்கு என்ன பேர் வைப்பது என்று யோசித்து, பேர் வைக்காமலே விட்டு, அண்ணன் எழுதிவைத்துப் போன தாளை மறுபடி எடுத்தாள்.

அண்ணன் கார்த்தீசன் சென்னையில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு வந்தபோது ஆபீஸில் கழித்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டி, பஸ்ஸிலேயே கொண்டுவந்து இறக்கினான். அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். "காசு இல்லை, வைரஸ் இல்லை, யார் வேணும்னாலும் உள்ளே திறந்து பாத்துக்கலாம். ஒண்ணும் கடிக்காது, தைரியமாத் தட்டு" என்றான். தைரியமாக என்கிற சொல்லை அவளிடம் சொல்கிறவர்கள் எல்லாருக்கும் அது இயல்பாகவே இருந்துவிடுகிறது, அதுதான் சங்கடம். காலையில் அவள் தைரியமாகத் தட்டியபோது, அனுமதி மறுக்கப்பட்டது என்று பதில் வந்தது. சட்டென்று முகம் சுட்டது. ஹாஸ்டல் வார்டன் அறைக் கதவை அரைகுறையாகத் திறந்து, யாரைக் கேட்டு உள்ளே வந்தே, என்று கேட்டதுபோல. பிறகுதான் தாளின் ஓரத்தில் அண்ணன் கிறுக்கியிருந்ததைப் பார்த்தாள்: வேறு பெயரில், ரூட் என்ற பெயரில், நுழைய வேண்டுமாம். அந்தப் பெயரில் போனால் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டாம். அப்படி ஒரு பெயர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம், பாங்க்கில் வரிசையில் நிற்கலாம், தென்காசிக்குப் போன் போடலாம். தாளில் இரண்டாவது குறிப்பு: கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சாக்கெட்டில் முதலாவதில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது, அதனால் இரண்டாவதில் மோடத்தை மாட்டு. மாட்டினாள். மூன்றாவது குறிப்பு: எந்த சாக்கெட் என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். டி டி ஒய் எஸ் என்று எழுதி அதன் வாலில் எண்ணைப் போடு. இரண்டு என்று போட்டாள். ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தாள், கேபிளை உருவிச் செருகினாள். மோடம் பதில் தரவில்லை. அண்ணனைக் கேட்கலாம்தான். கேட்க வேண்டுமென்றால் வயரைப் பிடுங்கி டெலிபோனில் போட வேண்டும், டெலிபோனில் போட்டால் அம்மா வந்து நிற்பாள், அண்ணனோடு பேசி முடித்ததும், அப்படியே உலகம்மாளுக்கும் போட்டுரு, என்பாள்.

நினைத்த மாத்திரத்தில் அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள், கையில் பாதி உரித்த பூண்டு. "ஏட்டி, போன் செத்துப்போச்சா? சத்தத்தையே காணும்." "கழட்டி வச்சிருக்கேம்மா, கம்ப்யூட்டருக்கு." "அப்பா ஆபீஸ்லருந்து கூப்பிட்டா?" "கொஞ்ச நேரந்தான்." அம்மா திரையைப் பார்த்தாள். "என்னட்டி இது, படமும் இல்ல ஒண்ணும் இல்ல, சிலேட்டு மாதிரி இருக்கு. இதுக்கா உங்கண்ணன் பஸ்காரன்கிட்ட அவ்வளவு சண்டை போட்டுக் கொண்டாந்தான்?" சொல்லிவிட்டுப் போய்விடுவாள் என்று பார்த்தால், போகவில்லை. ஒரு பூண்டுப் பல்லை நகத்தால் கீறிக்கொண்டே, "உலகம்மாளுக்குப் போட்டியா?" என்றாள். "அன்னைக்கே போட்டேம்மா, யாரும் எடுக்கல." "எடுக்கலைன்னா திரும்பப் போடணும். துஷ்டி வீட்டுல போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்களா? பதினாறு கழிஞ்சிட்டா துக்கம் கேக்கக் கூடாது, தெரியும்லா. அதுக்கப்புறம் கேட்டா ஆறுன புண்ணைக் கிளறுனாப்ல." "நாளைக்குத்தானம்மா பதினாறு." "நாளைக்கா?" அம்மா மோட்டுவளையைப் பார்த்து ஒரு கணம் என்னவோ நினைத்தாள், அதற்குள் குக்கர் கூப்பிட்டது. "என்னமோ, சீக்கிரம் கேளு. மூணு வருஷம் அந்தப் புள்ளையோட ஒரே ரூம்ல கெடந்திருக்க." அம்மா போன பிறகும் பூண்டு வாசனை நின்றது.

யாரும் எடுக்கவில்லை என்பது பொய். அவள் போன் போடவே இல்லை. கூடப் படித்த மெஹருன் கூப்பிட்டுச் சொன்ன செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து இன்றுவரை, எண்ணைத் தொட்டதுகூட இல்லை. உலகு அப்பா தவறிட்டாங்களாம், வண்டியிலயே நெஞ்சுவலியாம், ஆலங்குளம் தாண்டி, என்று மெஹருன் சொன்னபோது இவள் என்ன சொன்னாள்? சரி, என்றாள். சரி! மறுநாள் அம்மா சேலை மாற்றிக்கொண்டு, வா தென்காசிக்குப் போயிட்டு வந்துருவோம், என்று நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை பாங்க் பரீட்சை இருக்கும்மா, தலைவலி வேற, என்றாள். பரீட்சை முடிந்தது. அதற்குள் ஐந்து நாள் ஆகியிருந்தது. முதல் நாளே கூப்பிட்டிருந்தால் அப்பா போனதை மட்டும் கேட்டால் போதும். ஐந்தாம் நாள் கூப்பிட்டால் ஏன் நாலு நாள் கூப்பிடவில்லை என்பதற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தாம் நாள் ஒன்பது நாளுக்கு. இப்படி ஏறிக்கொண்டே போய் இப்போது அது மச்சு உயரத்துக்கு நிற்கிறது. இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? அவளுக்குப் பயம் வார்த்தை வராது என்பதல்ல. வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, சிரிப்பு வந்துவிடுமே. போன வருஷம் அடுத்த தெரு ஆறுமுகத்தம்மா இறந்தபோது அம்மாவோடு போனாள். எல்லாரும் அவரவருக்கு வந்ததைச் சொல்லி, கட்டிக்கொண்டு அழுது, மூக்கைச் சிந்தி, எவ்வளவு பழக்கமாகச் செய்தார்கள். இவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவின் மகள் நிமிர்ந்து நேராக இவளைப் பார்த்தாள். பயத்தில் இவள் உதடு தானாக விரிந்துவிட்டது. சிரித்தேவிட்டாள். பல் தெரிய. திரும்பி வரும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் ஆறவில்லை. முகம் தெரியாத போனிலும் சிரிப்பு தெரியும், குரலில் தெரியும், சிரித்துக்கொண்டு பேசுகிறவர்களை அவளாலேயே கண்டுபிடிக்க முடியும், உலகுவால் முடியாதா? எழுத்தில்தான் எதுவும் தெரியாது. அதனால்தான் இந்தக் கறுப்புப் பெட்டி. பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தாள், போன வாரம். தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்க, ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு. அன்புள்ள உலகு என்று அடித்துவிட்டு, அரைமணி முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டாள். வீட்டிலிருந்து எழுதலாம். மின்னஞ்சலில் ஒரு சௌகரியம், தேதியும் மணியும் தானே விழுந்துவிடும். உலகு சென்னைக்குத் திரும்பி, ஆபீஸில் உட்கார்ந்து என்றைக்குத் திறந்தாலும், பதினாறுக்கு முந்தியே கேட்டிருக்கிறாள் என்று அதுவே சாட்சி சொல்லும். நாளைக்குப் பதினாறு. இன்றைக்குள் போய்விட்டால் போதும்.

வேறு வழியில்லாமல், லினக்ஸோடு வந்திருந்த உதவிப் பக்கங்களைத் திறந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். எல்லாம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எழுதியது. தெரியாதவளுக்கு இடையில் நுழைய ஒரு சந்துகூட இல்லை. மழை வலுத்தது, ஜன்னல் கம்பியில் சொட்டுகள் ஒன்றையொன்று துரத்தி ஓடின. பக்கத்தைக் கீழே தள்ளித் தள்ளி வந்தவள் ஒரு வரியில் நின்றாள். சாக்கெட்டுகளின் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. முதல் சாக்கெட்டுக்குப் பூஜ்யம், இரண்டாவதற்கு ஒன்று. அவ்வளவுதான். இரண்டு மணி நேரமாக அவள், இல்லாத மூன்றாவது சாக்கெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டு, பதில் இல்லை, பதில் இல்லை, என்று குறைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டை அழித்து ஒன்றைப் போட்டாள். மோடத்தின் விளக்குகள் சடசடவென்று எரிந்து, அணைந்து, எரிந்தன. சரி, என்றது திரை. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. உலகு பக்கத்தில் இருந்திருந்தால் தட்டியிருப்பாள். பூஜ்யத்தில் தொடங்குவதாம். யார் அப்படி எண்ணுவார்கள், நாமெல்லாம் எதையும் ஒன்றில்தான் தொடங்குகிறோம், குழந்தைக்கு ஒன்று, நெல் அளக்கும்போதுகூட அந்த ஒன்றுக்குத்தான் லாபம் என்று பேர், என்று நினைத்தவள், அந்த நினைப்பின் பாதியில் அப்படியே நின்றாள். அவள் எதில் தொடங்கினாள்? செவ்வாய்க்கிழமை நாலாம் தேதி. செய்தி வந்தது மத்தியானம். அவள் விரல் மடக்கியது புதன்கிழமையிலிருந்து. புதன் ஒன்று, வியாழன் இரண்டு. செவ்வாயை எண்ணவில்லை. செவ்வாய்க்குப் பூஜ்யம் போட்டுவிட்டாள். ஆனால் துஷ்டி வீட்டில் அப்படி எண்ணமாட்டார்கள், செத்த நாளே முதல் நாள், அம்மா ஆறுமுகத்தம்மாளுக்கு எண்ணியபோதுகூடச் சுண்டுவிரலைத்தான் முதலில், அன்றைக்கென்று மடக்கினாள். சுவரில் நாள்காட்டி பத்தொன்பது என்று காட்டியது. காலையில் அவளே கிழித்தது. நாலிலிருந்து மறுபடி எண்ணினாள், விரலில், உதட்டில், கடைசியில் பென்சிலால் மேசையில் கோடு போட்டு. பதினாறு. நாளைக்கல்ல. இன்றைக்கு. இப்போது. இந்நேரம் காரியம் முடிந்து, இலை எடுத்து, வந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அனுப்பிவிடலாம், இன்றைக்கே அனுப்பிவிட்டால் தேதி சரிதான், பத்தொன்பதென்று விழும், குற்றமில்லை. டயல் செய்யும் கட்டளையைத் தட்டினாள். டயல் தொனி இல்லை, என்றது. மறுபடி தட்டினாள். டயல் தொனி இல்லை. மழையில் லைன் போய்விட்டதா? மோடத்தைத் திருப்பினாள். முதுகில் வயர் செருக இரண்டு துளைகள், ஒன்றின் கீழ் டெலிபோன் படம், மற்றதன் கீழ் சுவர் படம். டெலிபோன் வயர்தானே என்று டெலிபோன் படத்துக்குக் கீழே செருகியிருந்தாள். வயரின் முனையிலிருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை அமுக்கி உருவி மாற்றிச் செருகினாள். தட்டினாள். இப்போது மோடத்துக்குள்ளிருந்து அந்தத் தொனி கேட்டது, நீளமாக, எந்த வீட்டிலும் எல்லாருக்கும் கேட்கிற அதே சத்தம். பிறகு எண்கள் விழுந்தன. அப்புறம் ஒரு கீச்சு, அதற்குப் பதிலாக இன்னொரு கீச்சு, இரண்டும் சண்டை பிடித்து, கரகரத்து, தொண்டையைக் காறி, ஒன்றையொன்று கண்டுகொண்டு அடங்கின. இணைப்பு கிடைத்தது என்றது திரை. இரண்டு முன்பின் தெரியாத பெட்டிகள். என்ன கூச்சமில்லாமல் கத்திக்கொள்கின்றன. "என்னட்டி அது, பூனையைப் போட்டு மிதிச்சாப்ல?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள். அஞ்சல் பக்கம் வரிவரியாக, மேலிருந்து கீழே திரைச்சீலை இறக்குவதுபோல வந்து முடிய நான்கு நிமிஷம் ஆயிற்று. மணி மூன்றே முக்கால். வெள்ளைக் கட்டம். கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

இந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துக் கிடையாது. ஆங்கிலத்தில் எழுதினாள். உங்கள் தந்தையின் மறைவைக் கேட்டு மிகவும் வருந்துகிறேன், என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால், கல்லூரியில் படித்த மாதிரிக் கடிதம் போல இருந்தது, கீழே தங்கள் உண்மையுள்ள என்று போட்டால் பத்துக்குப் பத்து மார்க். அழித்தாள். தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்தாள், உங்க அப்பா என்று. அந்த எழுத்தில் அவர் யாரோ போல இருந்தார். அவர் கண்டக்டர். பேட்டை தாண்டி ஹாஸ்டல் வாசலில், மாதம் ஒரு தடவை, திருநெல்வேலி போகிற தென்காசி வண்டியை நிறுத்தி, விசிலை வாயிலிருந்து எடுக்காமலே இறங்கி வருவார், கையில் தூக்குச்சட்டி, வண்டியில் அத்தனை பேரும் ஜன்னல்வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உலகு ஓடிப்போய் வாங்குவாள், இவள் கேட்டுக்குப் பின்னாலேயே நிற்பாள். அவர் விசிலைக் கழற்றிவிட்டு, இவளைப் பார்த்துத்தான் பேசுவார். "ஏ கோவில்பட்டி, இதுல பாதி உனக்கு. எண்ணிப் பாத்து வாங்கு. இவ கணக்குல புலி, மிச்சம் வைக்காம தின்னுருவா." இவள் தலையாட்டுவாள். மூன்று வருஷத்தில் அவரிடம் இவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவரும் ஒரு தடவைகூட, ஏன் பேசமாட்டேங்குத, என்று கேட்டதில்லை. எல்லாரும் கேட்கிற கேள்வி. அவர் மட்டும் கேட்கவில்லை. இது எந்த எழுத்தில் வரும்? அடித்தாள், அழித்தாள், அடித்தாள். மேலே தேதி நின்றுகொண்டிருந்தது, நவம்பர் பத்தொன்பது. இந்தத் தேதி யாருக்குச் சாட்சி? உலகு கேட்கவா போகிறாள், எத்தனை மணிக்கு அனுப்பினாய் என்று? நாளைக்கோ மறுநாளோ அவள் சென்னையில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பது கடிதங்களுக்கு நடுவில் இதைத் திறப்பாள். அப்போது இவள் இங்கே சௌக்கியமாக மிக்சர் தின்றுகொண்டிருப்பாள். இவளைக் காப்பாற்ற எழுதுகிற கடிதம் இது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டில் பந்தலைப் பிரிப்பார்கள், பெஞ்சை வாடகைக்காரன் எடுத்துப்போவான், அதன் பிறகு கேட்க விதியில்லை. கோடு கண் சிமிட்டியது. இணைப்பு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக வேலை செய்கிற ஒன்றைப் பிடுங்குவதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. பிடுங்கினாள். விளக்குகள் செத்தன. திரை ஏதோ புகார் சொன்னது, படிக்கவில்லை.

டெலிபோனில் செருகி, எடுத்து, எண்ணை அழுத்தும்போது, முதலில் என்ன சொல்வது என்று தயார் பண்ணவில்லை, தயார் பண்ணினால் வைத்துவிடுவோம் என்று அழுத்திக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. யாரும் எடுக்கக் கூடாதே என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டதை இன்னொரு மனசு பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒரே இரைச்சல், பாத்திரம் விழுகிறது, யாரோ செருப்பைக் காணோம் என்கிறார்கள். "அலோ?" உலகு. தொண்டை கட்டிய குரல், ஆனால் உலகுதான். "அலோ, யாரு?" செண்பகவல்லி வாயைத் திறந்தாள். உதடு விரிந்தது, தெரிந்தது, அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு கன்னத்துக்கு வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்தினாள். "அலோ? பேசுங்க. யாருங்க?" கொஞ்சம் பொறுத்து, இரைச்சலுக்கு நடுவே, வேறு குரலில், "செம்பா?" இவள் மூச்சைத்தான் விட்டாள். "ஏட்டி, நீதானே? போனைப் போட்டுட்டு ஊமையா நிக்க உன்னைவிட்டா ஆள் உண்டா? பதினாறு நாளாச்சுட்டி. மெஹருன் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டா." "எனக்கு" என்றாள் செண்பகவல்லி. குரல் அவளுடையது மாதிரி இல்லை. "எனக்குச் சொல்ல வரல உலகு. சிரிப்பு வந்துருமோன்னு பயமா இருந்துச்சு." சொல்லிவிட்டாள். இதைத்தான் யாரிடமும் சொல்லக்கூடாதென்று இத்தனை நாள் வைத்திருந்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "வந்தா சிரி. இங்க எல்லாரும் சொல்லிட்டாங்க, எல்லாத்தையும். கேட்டுக் கேட்டுக் காது வலிக்கு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சும்மா இரு. வச்சிராத." சும்மா இருந்தாள். வாயைப் பொத்திய கை நனைந்திருந்தது, அது எப்போது என்று தெரியவில்லை. மழை லைனில் கரகரவென்று இழுத்தது, தென்காசியிலும் மழையாக இருக்கும். "உலகு, சித்தப்பா பொறப்படுதாங்க, வந்து சொல்லிக்கோ" என்று யாரோ ஒரு பெண் கூப்பிட்டாள். "வாரேன் அத்தை" என்ற உலகு, "ஏட்டி இரு, வந்துருதேன்" என்று இவளிடம் சொல்லி, ரிசீவரை வைக்காமல் எங்கேயோ கிடத்திவிட்டுப் போனாள். மரத்தில் மோதிய சத்தம். அப்புறம் அந்த வீடு முழுக்க இவள் காதுக்குள் வந்தது. ஒரு குழந்தை மோர் கேட்கிறது. யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள். ஒரு ஆம்பிளைக் குரல், "துஷ்டி வீட்டுல வரேன்னு சொல்லக் கூடாதும்மா, பொறப்படுதேன்" என்கிறது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று, "யாருட்டி, எடுத்தாங்களா?" என்றாள். செண்பகவல்லி தலையை ஆட்டிவிட்டு, ரிசீவரை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அங்கே இப்போது ஒரு கதவு சாத்துகிறது. ஒருவர் போய்விட்டார். இன்னும் சிலர் இருக்கிறார்கள்.